தாய்-சேய் திட்டத்தைத் தடுத்த கடிதம்... ரத்தத்தில் வந்த தபால்கள்! - இரண்டு பிரதமர்கள், 62 ஆண்டுகள், ஓர் அயர்லாந்துக் கதை

2013 ஜூன் 12. டப்ளின் நகரில் அயர்லாந்து நாடாளுமன்றம் கூடியிருக்கிறது. பிரதமர் எண்டா கென்னி எழுந்து, சில நாள்களாகத் தனக்கு வரும் தபால்களைப் பற்றிச் சொல்கிறார். உத்தரியங்கள் வருகின்றன, பதக்கங்கள் வருகின்றன, பிளாஸ்டிக்கில் செய்த கரு பொம்மைகள் வருகின்றன. ரத்தத்தால் எழுதிய கடிதங்கள்கூட வருகின்றன. கொலைகாரன் என்கிறார்கள். இத்தனை குழந்தைகளின் சாவும் உன் ஆன்மாவின் மேல்தான் என்கிறார்கள்.

அப்படி அவர் என்னதான் செய்துவிட்டார்? தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் கருக்கலைப்பு செய்யலாம் என்று ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார். அவ்வளவுதான்.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள் நிறைந்த மேயோ மாவட்டத்துக்காரர் கென்னி. அன்று அவர் சொன்னதன் சாரம் இது: தான் ஒரு கத்தோலிக்கன்தான், ஆனால் கத்தோலிக்கப் பிரதமர் அல்ல. நாட்டில் உள்ள எல்லோருக்குமான பிரதமர்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரண வாக்கியம். ஒரு தலைவர் பேச வேண்டியதைத்தானே பேசியிருக்கிறார் என்று தோன்றும். ஆனால், அயர்லாந்தின் பெரியவர்களுக்கு அன்று இன்னொரு பிரதமரின் நினைவு வந்திருக்கும். அதே நாடாளுமன்றம், அதே ஃபைன் கேல் கட்சி. 1951 ஏப்ரல் 12-ம் தேதி பேசிய பிரதமர் ஜான் காஸ்டெல்லோ, கத்தோலிக்கன் என்ற முறையில் தான் திருச்சபை அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிகிறவன், பத்திரிகைகள் என்ன எழுதினாலும் இனியும் அப்படித்தான் இருப்பேன் என்று சொன்னார். அவர் அப்படிப் பேசி 12 நாள்கள் கழித்துத்தான் எண்டா கென்னி பிறந்தார்.

ஒரு மனிதரின் வயது அளவுக்கு நீண்ட இந்த இடைவெளியில் அந்த நாட்டில் என்னவெல்லாம் நடந்தது?

காசநோய் வீட்டுப் பிள்ளை

1951-ல் காஸ்டெல்லோவைச் சங்கடத்தில் மாட்டிவிட்டவர் அவருடைய சுகாதாரத் துறை அமைச்சர், டாக்டர் நோயல் ப்ரௌன். அப்பா, அம்மா இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். உடன்பிறந்தவர்களிலும் சிலரை அந்த நோய் கொண்டுபோனது. அவரையும் பிடித்தது, பிழைத்துக்கொண்டார். மருத்துவம் படித்தார். 1948-ல் தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் நாளே அமைச்சராகிவிட்டார். வயது 32.

பதவிக்கு வந்ததும் காசநோய் மருத்துவமனைகளைக் கட்டுவதில் இறங்கினார். குதிரைப் பந்தய லாட்டரி மூலம் மருத்துவமனைகளுக்கென்று சேர்ந்திருந்த நிதியை எடுத்துச் செலவழித்தார். சொந்த வீட்டில் சவப்பெட்டிகளைப் பார்த்தவரின் அவசரம் அது. மக்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. கூட இருந்த அமைச்சர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிடிவாதக்காரர், யாரையும் கலந்து பேச மாட்டார் என்ற பேச்சு இருந்தது. அது முழுப் பொய்யும் இல்லை.

அடுத்து அவர் எடுத்தது தாய்-சேய் திட்டம். கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு எல்லாமே தாய்க்கு இலவசம். 16 வயது வரை குழந்தைகளுக்கு மருத்துவம் இலவசம். இதில் முக்கியமான அம்சம், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். ஏழை, பணக்காரர் வித்தியாசம் கிடையாது. வருமானத்தை விசாரிக்க வீட்டுக்கு ஆள் வரும் அவமானம் எந்தத் தாய்க்கும் நேரக்கூடாது என்பது ப்ரௌனின் எண்ணம்.

முதலில் கோபப்பட்டவர்கள் டாக்டர்கள். கட்டணம் கட்டும் நோயாளிகள் கைவிட்டுப் போய்விடுவார்களே என்ற பயம். அதுகூட பேரம் பேசித் தீர்க்கக்கூடிய சிக்கல்தான். 1950 அக்டோபரில் ஆயர்கள் பேரவையிலிருந்து பிரதமருக்கு ஒரு கடிதம் போனது. அதற்குப் பிறகுதான் விஷயம் வேறு மாதிரி ஆனது.

கடிதத்தின் வாதங்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால், அவை முட்டாள்தனமானவை அல்ல. பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்குப் பொறுப்பு பெற்றோரே தவிர அரசாங்கம் அல்ல என்றார்கள். முடியாத ஏழைகளுக்கு அரசு உதவட்டும், பத்தில் ஒரு பங்கு ஏழைகளைக் காரணம் காட்டி முழு சமூகத்தின் மேலும் அரசு மருத்துவத்தைச் சுமத்துவது ஏன் என்று கேட்டார்கள். இது இன்றும் பல நாடுகளில் நடக்கும் விவாதம்தான். ஆனால், அசல் கவலை அடுத்த பத்திகளில் இருந்தது. தாய்மைக்கான கல்வி என்று திட்டத்தில் ஒரு வரி வருகிறதே, தாம்பத்யம், கற்பு, திருமணம் பற்றியெல்லாம் பெண்களுக்குச் சொல்லித்தர அரசாங்கத்துக்கு என்ன தகுதி? மகப்பேறு மருத்துவம் என்ற பெயரில் நாளை கருத்தடையும் கருக்கலைப்பும் உள்ளே வந்தால்? வேறு எங்கோ படித்த டாக்டர், நம் பெண்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்?

டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மக்குவைட்டின் மாளிகைக்கு ப்ரௌன் வரவழைக்கப்பட்டார். பேராயரும் இன்னும் இரண்டு ஆயர்களும் இருந்தார்கள். ப்ரௌன் விளக்கம் சொன்னார், ஆயர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று நம்பி வெளியே வந்தார். அவர்கள் சமாதானமாகவில்லை. தப்புக்கணக்குதான்.

1951 ஏப்ரல் முதல் வாரத்தில் ஆயர்களின் இறுதி பதில் வந்தது: திட்டத்தை ஏற்க முடியாது. அமைச்சரவை கூடியது. ப்ரௌனைத் தவிர ஒருவர்கூடத் திட்டத்தின் பக்கம் நிற்கவில்லை. அவருடைய சொந்தக் கட்சித் தலைவர் ஷான் மெக்பிரைட், பதவி விலகும்படி எழுதினார். இதே மெக்பிரைட்தான் பின்னாளில், 1974-ல், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் என்பது வரலாற்றின் வேடிக்கை.

ஏப்ரல் 11-ம் தேதி ப்ரௌன் ராஜினாமா செய்தார். போகிறபோது, ஆயர்கள், பிரதமர், தான் மூவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். அதுவரை அயர்லாந்தில் யாருமே செய்யாத காரியம். ஆயர்கள் ஆட்சியாளர்களிடம் பேசுவது எல்லோருக்கும் தெரியும். எந்த மொழியில், எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்பது அன்று காலைதான் காபி மேஜைக்கு வந்தது. நாட்டின் நிஜமான அரசாங்கம் கத்தோலிக்கத் திருச்சபைதான் போலிருக்கிறது என்ற பொருளில் 'ஐரிஷ் டைம்ஸ்' தலையங்கம் எழுதியது. எல்லைக்கு அந்தப் பக்கம், வட அயர்லாந்தின் யூனியனிஸ்ட்களுக்குக் கொண்டாட்டம். நாங்கள் ஏன் உங்களோடு சேர மறுக்கிறோம் என்பதற்கு இதோ ஆதாரம் என்று துண்டுப் பிரசுரமே அச்சடித்துவிட்டார்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ப்ரௌனும் கத்தோலிக்கர்தான். ராஜினாமா செய்த பிறகு நாடாளுமன்றத்தில் பேசும்போது, ஆயர்களின் கருத்தைக் கத்தோலிக்கன் என்ற முறையில் தயக்கமின்றி ஏற்கிறேன், தன் சக அமைச்சர்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை என்றார். எதிர்த்து நின்ற ஒரே ஆளாலும் 1951-ல் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

சாசனத்தில் இல்லாத அதிகாரம்

சரி, திருச்சபைக்கு இந்த அதிகாரத்தை எந்தச் சட்டம் கொடுத்தது? எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை.

எமன் டி வலேரா தலைமையில் 1937-ல் உருவான அயர்லாந்து அரசியல் சாசனம் நம்மூரில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நன்றாகவே பழக்கம். இந்திய அரசியல் சாசனத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்ற கேள்விக்கு பதில் அதுதான். அந்தச் சாசனம் பரிசுத்த மூவொரு கடவுளின் பெயரால் தொடங்குகிறது. பெரும்பான்மை மக்களின் நம்பிக்கையைக் காக்கும் அமைப்பு என்று கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு 'சிறப்பு இடம்' தந்தது. ஆனால், அதை அரசு மதமாக அறிவிக்கவில்லை. புராட்டஸ்டன்ட் சபைகளையும் யூதச் சபைகளையும் பெயர் சொல்லி அங்கீகரித்தது. எந்த மதத்துக்கும் அரசு நிதி ஒதுக்காது, மத அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றும் எழுதியிருந்தது. காகிதத்தில் பார்த்தால் மதமும் அரசும் பிரிந்தே இருந்தன.

அதிகாரம் வேறு இடத்தில் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் கத்தோலிக்கர் நிலம் வாங்கவும் பதவி வகிக்கவும் தடை இருந்த நூற்றாண்டுகளில், அந்த மக்களோடு நின்றது அவர்களின் குருக்கள்தான். அரசாங்கம் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டாத ஊர்களில் கன்னியாஸ்திரீகள் கட்டினார்கள். சுதந்திரம் வந்தபோது பிள்ளை படிப்பதும் அவர்களிடம், பிரசவம் பார்ப்பதும் அவர்களிடம். அமைச்சர்கள் எல்லோரும் அந்தப் பள்ளிகளில் மண்டியிட்டு வளர்ந்தவர்கள். அவர்களிடம் உத்தரவு போடத் தேவையே இல்லை, ஒரு கடிதம் போதும்.

எனவே சட்டங்கள் வரிசையாக வந்தன. கருத்தடையை ஆதரிக்கும் புத்தகங்களுக்கு 1929-ல் தடை. கருத்தடைச் சாதனங்களை விற்கவும் இறக்குமதி செய்யவும் 1935-ல் தடை. விவாகரத்துக்குச் சட்டமே இயற்றக்கூடாது என்று 1937 சாசனத்திலேயே ஒரு வரி. விவாகரத்து மறுப்புக்கு 1925-லேயே செனட்டில் எதிர்ப்பு தெரிவித்தவர் கவிஞர் டபிள்யூ.பி.யேட்ஸ். தாகூரின் கீதாஞ்சலி ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய அதே யேட்ஸ். சிறுபான்மை புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு மதத்தின் ஒழுக்கத்தை எல்லோர் மேலும் சட்டமாக்கினால் வடக்குப் பகுதி உங்களோடு ஒருநாளும் சேராது என்று எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பிரின் மாத்திரை போராட்டம்

1971 மே 22. டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் ரயிலில் சுமார் 50 பெண்கள் ஏறினார்கள். பத்திரிகையாளர்கள், குடும்பத் தலைவிகள், மாணவிகள் என எல்லோரும் இருந்தார்கள். பெல்ஃபாஸ்ட் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. அங்கே கருத்தடைச் சாதனங்கள் வாங்கலாம். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, டப்ளின் ரயில் நிலையத்தில் சுங்க அதிகாரிகள் முன்னால் காட்டி, முடிந்தால் கைது செய்யுங்கள் என்று சவால் விடுவது திட்டம்.

பெல்ஃபாஸ்ட் மருந்துக் கடையில் ஒரு சிக்கல். கருத்தடை மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றுவிட்டார்கள். யாரிடமும் சீட்டு இல்லை. போராட்டத்தின் முன்னணியில் இருந்த பத்திரிகையாளர் நெல் மெக்கஃபர்ட்டிக்கு ஒரு யோசனை உதித்தது. மொத்தமாக ஆஸ்பிரின் மாத்திரைகளை வாங்கினார்கள். டப்ளினில் இறங்கி, அதிகாரிகளின் கண்ணெதிரே அதையே கருத்தடை மாத்திரை என்று விழுங்கிக் காட்டினார்கள். கருத்தடை மாத்திரை எப்படி இருக்கும் என்று அந்த அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தால்தானே! ஒருவரும் கைதாகவில்லை.

அதே ஆண்டு மேரி ராபின்சன் என்ற இளம் செனட்டர், கருத்தடைத் தடையைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். விவாதிப்பது இருக்கட்டும், அதை அச்சிடக்கூட செனட் அனுமதிக்கவில்லை. வசைக் கடிதங்கள் குவிந்தன. ராபின்சனும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அதற்கு முந்தைய ஆண்டு அவர் ஒரு புராட்டஸ்டன்ட்டைக் காதலித்து மணந்தபோது பெற்றோரே கல்யாணத்துக்கு வரவில்லை. அந்தப் பெண் 1990-ல் நாட்டின் ஜனாதிபதியானார் என்பது தனிக்கதை.

ரயில் பெண்கள் செய்யாததை, ஒரு மீனவரின் மனைவி நீதிமன்றத்தில் செய்தார். நான்கு பிள்ளைகளின் தாய். முந்தைய கர்ப்பங்களில் உயிர் ஊசலாடியிருந்தது. இன்னொரு கர்ப்பம் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்த கருத்தடை மருந்தைச் சுங்கத் துறை பறிமுதல் செய்தது. அவர் வழக்குப் போட்டார். கணவன் மனைவிக்கு இடையேயான அந்தரங்கம் அவர்களுடைய உரிமை, அதற்குள் அரசு நுழைய முடியாது என்று 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மகீ வழக்கு' என்று அயர்லாந்துச் சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். முந்தைய ஆண்டுதான் திருச்சபையின் 'சிறப்பு இடம்' என்ற வரியை மக்கள் வாக்களித்து சாசனத்திலிருந்து நீக்கியிருந்தார்கள். 84 சதவிகித ஆதரவு! ஆயர்கள்கூட எதிர்க்கவில்லை. அவர்களுடைய பலம் அந்த வரியில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டே அது நிரூபணமானது. தீர்ப்புக்கு ஏற்ப, திருமணமானவர்கள் மட்டும் கருத்தடைச் சாதனம் வாங்க அனுமதிக்கும் மசோதாவை அரசே கொண்டுவந்தது. வாக்கெடுப்பு நேரத்தில் பிரதமர் லியம் காஸ்கிரேவ் எழுந்து போய் எதிர்ப்பவர்கள் பக்கம் நின்றார். தன் அரசின் மசோதாவைத் தானே தோற்கடித்த பிரதமர்! மனசாட்சி என்றார்.

1979-ல் டாக்டர் சீட்டு இருந்தால் ஆணுறை வாங்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. ஆணுறைக்கு மருந்துச்சீட்டு! அது 1985-ல் கொஞ்சம் தளர்த்தப்பட்டபோது, எதிர்க்கட்சியிலிருந்த டெஸ்மண்ட் ஓமாலி தன் கட்சியின் உத்தரவை மீறி எதிர்த்து வாக்களிக்க மறுத்தார். ஒரு குடியரசில் ஒரு மதத்தின் போதனை எல்லோருக்கும் சட்டமாக முடியாது என்று அன்று அவர் பேசிய பேச்சு புகழ்பெற்றது. கட்சியிலிருந்து தூக்கிவிட்டார்கள். டப்ளினில் ஓர் இசைத்தட்டுக் கடையில் ஆணுறை விற்றதற்காகக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கு விதித்த அபராதத்தை 1991-ல் கட்டியது யார் தெரியுமா? யு2 இசைக்குழு.

சவிதா

இதுவரை சொன்னதில் சிரிக்க இடமிருந்தது. இனி இல்லை.

கருத்தடையில் பிடி தளர்கிறது என்று தெரிந்ததும், கருக்கலைப்பு ஒருநாளும் உள்ளே வரக்கூடாது என்று கதவைப் பூட்ட மத அமைப்புகள் இயக்கம் நடத்தின. 1983-ல் பொதுவாக்கெடுப்பு. கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை என்ற எட்டாவது திருத்தம் 66.9 சதவிகித வாக்குகளோடு சாசனத்தில் ஏறியது. அதன்பின் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் யாரிடமும் சொல்லாமல் கப்பலிலும் விமானத்திலும் இங்கிலாந்து போய் வந்தார்கள். 1992-ல், பலாத்காரத்தால் கர்ப்பமான 14 வயதுச் சிறுமி இங்கிலாந்து போகக்கூடாது என்று அரசே நீதிமன்றத்தில் தடை வாங்கியது. நாடே கொதித்த பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் அனுமதி உண்டு என்றும் சொன்னது. ஆனால், எது ஆபத்து, யார் முடிவு செய்வது என்று சட்டம் எழுத அடுத்த 21 ஆண்டுகள் எந்த அரசுக்கும் துணிச்சல் வரவில்லை.

அந்த எழுதப்படாத சட்டத்தின் இடைவெளியில்தான் சவிதா ஹலப்பனாவர் மாட்டிக்கொண்டார். கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர். வயது 31. முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்தார். 2012 அக்டோபர் 21-ம் தேதி, 17 வாரக் கர்ப்பத்தில், வலியோடு கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். கரு பிழைக்காது என்பது தெளிவாகிவிட்டது. கருவை வெளியேற்றும்படி சவிதாவும் கணவரும் கேட்டார்கள். இதயத் துடிப்பு இருக்கும்வரை முடியாது என்று பதில் வந்தது. இது கத்தோலிக்க நாடு என்று ஒரு தாதி அவரிடம் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, நிலைமையைப் புரியவைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று அந்தத் தாதியே பின்னர் மரண விசாரணையில் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். துடிப்பு நிற்பதற்காகக் காத்திருந்த நேரத்தில் கிருமித்தொற்று ரத்தத்தில் கலந்தது. அக்டோபர் 28-ம் தேதி சவிதா இறந்தார். அவர் ஓர் இந்துப் பெண்.

சுகாதாரத் துறை அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு நிபுணர் சபாரத்தினம் அருள்குமரன். லண்டனில் பணியாற்றி, உலக அளவில் மதிக்கப்பட்டவர். அவருடைய அறிக்கை மருத்துவமனையின் தவறுகளை மறைக்கவில்லை. தொற்றைக் கவனிப்பதில் அலட்சியம், எச்சரிக்கை அறிகுறிகளைத் தவறவிட்டது எல்லாம் அதில் உண்டு. அதோடு, சட்டம் தெளிவாக இல்லாததால் டாக்டர்கள் கைகட்டிக் காத்திருந்ததையும் சொன்னது. தப்பாக முடிவெடுத்தால் 1861-ம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டப்படி ஆயுள் தண்டனைவரை போகலாம் என்ற நிலையில், எந்த டாக்டர் துணிவார்?

கென்னிக்கு ரத்தக் கடிதங்கள் வரக் காரணமான 2013 மசோதா, சவிதாவின் மரணத்துக்குப் பிறகு வந்ததுதான்.

பூசைக்குப் போய்விட்டு வாக்குச்சாவடிக்கு

இடையில் திருச்சபையின் மேலிருந்த மரியாதையும் சரிந்திருந்தது. கால்வே ஆயருக்கு ரகசியமாக ஒரு மகன் இருப்பது 1992-ல் வெளிவந்தது. அது சின்ன விஷயம் என்னும்படி அடுத்தடுத்து வந்தன செய்திகள். திருச்சபை நடத்திய பள்ளிகளிலும் விடுதிகளிலும் குழந்தைகள் பட்ட அடி, பாலியல் கொடுமை, அதை மூடிமறைத்த ஆயர்கள் எல்லாவற்றையும் 2009-ல் இரண்டு பெரிய அரசு அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதின. தாம்பத்யம் பற்றிச் சொல்லித்தர அரசாங்கத்துக்கு என்ன தகுதி என்று 1950-ல் கேட்ட அமைப்பைப் பார்த்து, இப்போது மக்கள் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

ஆனால், ஊழல்களால்தான் மாற்றம் வந்தது என்று முடித்துவிட்டால் பாதிக் கதைதான். 1986-ல் விவாகரத்து வேண்டுமா என்று கேட்டபோது 63.5 சதவிகிதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1995-ல் மறுபடி கேட்டபோது வேண்டும் என்ற பக்கம் ஜெயித்தது. வித்தியாசம் 9,114 வாக்குகள். ஒரு கிரிக்கெட் மைதானம்கூட நிரம்பாது. கொட்டும் மழையில் மேற்குக் கிராமத்துக்காரர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், மழைதான் விவாகரத்தைக் கொண்டுவந்தது என்று இன்றும் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் வாக்களித்தது அதே கத்தோலிக்க மக்கள்தான்.

எட்டாவது திருத்தத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க, 2016-ல் ஒரு புதுமையான வழியைப் பிடித்தார்கள். நாடு முழுவதும் இருந்து 99 சாதாரணக் குடிமக்களைக் குலுக்கல்போலத் தேர்ந்தெடுத்து, ஓர் உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையில் வார இறுதிகளில் உட்கார வைத்தார்கள். டாக்டர்கள், வழக்கறிஞர்கள், நெறியியல் அறிஞர்கள், இரு தரப்பு இயக்கங்கள் எல்லோரும் வந்து பேசினார்கள். கத்தோலிக்க ஆயர்களும் எழுத்து மூலம் தங்கள் கருத்தைத் தந்தார்கள், மற்ற எல்லோரையும்போல. அந்த 'மற்ற எல்லோரையும்போல' என்பதை 1950-ல் மக்குவைட் நம்பியிருக்க மாட்டார்.

திருத்தம் வேண்டாம் என்று பெரும்பான்மைக் குடிமக்கள் பரிந்துரைத்தார்கள். அரசியல்வாதிகள் பயந்தார்கள், நாடு இவ்வளவு தூரம் வருமா? 2018 மே 25. வெளிநாடுகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விமானம் பிடித்து ஊருக்கு வந்து வாக்களித்தார்கள். டப்ளினில் ஒரு சுவரில் வரைந்த சவிதாவின் முகத்தைச் சுற்றி மக்கள் சின்னச் சின்னக் குறிப்புச்சீட்டுகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். மன்னிப்புக் கேட்டிருந்தவை நிறைய. எண்ணி முடித்தபோது நீக்கத்துக்கு ஆதரவு 66.4 சதவிகிதம். 40 தொகுதிகளில் டோனெகல் தவிர மற்ற அத்தனையும் ஆதரவு. 1983-ல் எத்தனை பேர் உள்ளே வைத்தார்களோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வெளியே எடுத்தார்கள். 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த நாட்டில் தன்னைக் கத்தோலிக்கர் என்று எழுதியவர்கள் 78 சதவிகிதம் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதாவது, பெரும் எண்ணிக்கையிலான விசுவாசிகளே வாக்களித்திருக்கிறார்கள். தான் செய்ய மாட்டேன் என்பது வேறு, பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சட்டம் போட்டுத் தடுப்பது வேறு என்று பிரித்துப் பார்த்தவர்கள் அவர்கள். அப்போதைய பிரதமர் லியோ வரத்கர், மும்பையிலிருந்து போன ஒரு டாக்டரின் மகன்.

அதே ஆண்டு அக்டோபரில் தெய்வ நிந்தனையைக் குற்றமாக்கும் வார்த்தையையும் சாசனத்திலிருந்து எடுத்தார்கள். நடிகர் ஸ்டீபன் ஃப்ரை டி.வி பேட்டியில் கடவுளைத் திட்டினார் என்று ஒருவர் போலீஸில் புகார் கொடுக்க, மனம் புண்பட்ட ஆட்கள் போதுமான அளவில் கிடைக்கவில்லை என்று 2017-ல் போலீஸ் வழக்கை மூடியிருந்தது. அதற்குப் பிறகும் அந்த வார்த்தையை வைத்திருப்பது போலீஸுக்கே சங்கடம்தானே!

இன்னும் இருப்பவை

எல்லாம் மாறிவிட்டதா என்றால், இல்லை. தொடக்கப் பள்ளிகளில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது இன்னமும் கத்தோலிக்க நிர்வாகத்தில்தான் இருக்கின்றன. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு முன்னுரிமை என்று அந்தப் பள்ளிகள் வைத்திருந்த விதியை நீக்கவே 2018 வரை ஆனது. மாலை 6 மணிக்கு அரசுத் தொலைக்காட்சியில் மூவேளைச் செப மணி ஒலிக்கிறது. நாடாளுமன்றம் ஜெபத்தோடுதான் தொடங்குகிறது. அதன்பின் 30 விநாடி மௌனம், நம்பிக்கை இல்லாதவர்களுக்காக. பெண்ணின் வாழ்வு வீட்டுக்குள் என்று பேசும் 1937-ம் ஆண்டு வரியை மாற்றலாமா என்று 2024 மார்ச்சில் கேட்டபோது, 73.9 சதவிகிதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்த முறை அதற்கு ஆயர்களைக் காரணம் சொல்ல முடியாது. மாற்றி எழுதப்பட்ட வாசகம் மாற்றுத்திறனாளிகளைக் கைவிடுகிறது, குழப்பமாக இருக்கிறது என்று முற்போக்காளர்களே பலர் எதிர்த்தார்கள்.

நோயல் ப்ரௌன் 1997-ல் காலமானார். அவர் ராஜினாமா செய்த சில வாரங்களில் காஸ்டெல்லோவின் கூட்டணி அரசும் போய்விட்டது. அடுத்து வந்த டி வலேரா, ஆயர்களோடு ஓசைப்படாமல் பேசி முடித்து, 1953-ல் சுருக்கப்பட்ட ஒரு தாய்-சேய் சேவையைக் கொண்டுவந்தார். வருமான வரம்பு உண்டு, குழந்தைக்கு ஆறு வாரங்கள் வரை மட்டும்தான் கவனிப்பு. இன்று அயர்லாந்தில் வசிக்கும் எந்தக் கர்ப்பிணிக்கும், வருமானம் கேட்காமல், பேறுகால மருத்துவம் இலவசம். ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் குடும்ப டாக்டரிடம் இலவசமாகப் போக 2015-ல் அட்டை கொடுத்தார்கள். 2023-ல் அதை எட்டு வயதுக்குட்பட்டவர்கள் வரை நீட்டித்தார்கள்.

ப்ரௌன் கேட்டது 16 வயது வரை.